பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம்: கணக்குப் பார்ப்பது யார்?

ரேஷன் கடையில் எத்தனை மூட்டை அரிசி இறங்கியது என்பதற்குச் சர்க்காரிடம் கணக்கு உண்டு. சாராயக் கடையில் ஒரு நாளில் எத்தனை பாட்டில் விற்றது என்பதற்கும் கணக்கு உண்டு. வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் கூடினால் அதற்கும் கணக்கு உண்டு. ஆனால் இந்த ஜில்லாவில் எத்தனை பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஏடும் இல்லை, பேரேடும் இல்லை, பதில் சொல்ல ஓர் அதிகாரியும் இல்லை.

2020ஆம் வருஷம் யூனிசெப் ஸ்தாபனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு, அதாவது 80 கோடிப் பிள்ளைகளுக்கு, ரத்தத்தில் ஈயம் மிதமிஞ்சி இருக்கிறது என்றது அந்த அறிக்கை. அதில் 27 கோடிக்கு மேற்பட்டவர்கள் இந்தியப் பிள்ளைகள். உலகத்தில் வேறெந்த தேசத்திலும் இவ்வளவு பேர் இல்லை. இந்த எண்ணிக்கைகூட ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்த கணக்கல்ல. அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த ஆராய்ச்சிகளை வைத்துப் போட்ட மதிப்பீடு. 27 கோடிப் பிள்ளைகளின் விஷயத்தில் நாம் மதிப்பீட்டை நம்பிக் காலம் தள்ளுகிறோம்.

ஈயம் என்றதும் நம் தாய்மார்கள் ரசம் வைக்கிற ஈயச் சொம்பை நினைத்துக் கலங்க வேண்டாம். அது வெள்ளீயம், வேறு உலோகம். (வெள்ளீயத்தில் மலிவுச் சரக்கைக் கலந்து விற்கிற வியாபாரியும் இருக்கிறான், சொம்பு வாங்கும்போது கவனம் வேண்டும். அது தனிக் கதை.) நாம் பேசுவது காரீயத்தைப் பற்றி. லாரி பாட்டரியிலும், இன்வெர்ட்டர் பாட்டரியிலும், மட்டமான மஞ்சள், சிவப்புப் பெயிண்டிலும், சில ஊர்களில் மஞ்சள் தூளுக்கு நிறம் ஏற்றப் போடுகிற பொடியிலும் இருப்பது இந்தக் காரீயம்தான். "பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு தெருவில் வந்தவர்களை நாற்பது வயது கடந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் காயலான் கடை இருக்கிறது. கடையின் பின்புறத்தில் பழைய பாட்டரியைக் கோடரியால் பிளக்கிறார்கள். அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். தகட்டைத் திறந்த சட்டியில் உருக்குகிறார்கள். புகை தெருவில் இறங்குகிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற தொழிலாளியின் சட்டையில் ஒட்டிய தூள், ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகிறது. உலகத்தில் வெட்டி எடுக்கும் ஈயத்திலும் திரும்ப உருக்கும் ஈயத்திலும் சுமார் 85 சதம் பாட்டரிக்குத்தான் போகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வயது வந்தவர் விழுங்கிய ஈயத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேருகிறது. சிறு பிள்ளைக்கோ பாதி வரையில் சேர்ந்துவிடுகிறது. உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் சேமித்து வைக்கிறது. பல வருஷங்கள் அது அங்கேயே கிடக்கும். அந்தப் பெண் பிள்ளை வளர்ந்து கர்ப்பிணியாகிறபோது எலும்பிலிருந்து இறங்கி வயிற்றிலுள்ள சிசுவுக்கும் போகும். வயிறு காலியாக இருந்தால் ஈயம் அதிகமாக ஏறும். இரும்புச் சத்து குறைந்திருந்தால் இன்னும் அதிகமாக ஏறும். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல சர்வேயின்படி நம் நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 67 சதம் பேருக்கு ரத்த சோகை. பசி வழி திறந்துவிடுகிறது, விஷம் உள்ளே நுழைகிறது. பங்களாவாசியின் பிள்ளைக்கும் குடிசைப் பிள்ளைக்கும் ஈயம் சமமாக ஏறுகிறது என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு வைத்தியமும் தெரியாது, வாழ்க்கையும் தெரியாது என்போம்.

இந்த வியாதிக்கு அடையாளம் கிடையாது. காய்ச்சல் வராது, கொப்புளம் வராது. ஏராளமாக ஏறினால் வலிப்பு வரும், உயிர் போகும். செனகல் நாட்டில் தியாரோய் என்ற ஊரில் பாட்டரி ஈயம் கலந்த மண்ணைத் தாய்மார்கள் சலித்து விற்றுப் பிழைத்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் அங்கே 18 பிள்ளைகள் மாண்டன. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறபோது மூளையில் நடக்கும் சேதம் வெளியே தெரிவதில்லை. பிள்ளை பாடத்தில் கவனம் செலுத்தாது. படித்தது நிற்காது. சட்டென்று கோபம் வரும். வாத்தியார் "மக்கு" என்பார். தகப்பன் அடிப்பான். அக்கம்பக்கத்தார் தலையெழுத்து என்பார்கள். அந்த ஜாதிக்குப் படிப்பு ஏறாது என்று சொல்லவும் இந்த நாட்டில் ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. பட்டறைப் புகை அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணைத் தின்றுவிட்டது என்று சொல்வதற்கு மட்டும் ஆள் இல்லை, ஏனென்றால் அதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

அளந்து பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். எல்லாமே அதில்தான் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

அந்த நாட்டில் 1920களில் பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கத் தொடங்கினார்கள். கலந்தவர்கள் ஜெனரல் மோட்டார்ஸ், டூபான்ட், ஸ்டாண்டர்டு ஆயில் என்ற ஏகபோகக் கம்பெனிகள். 1924 அக்டோபரில் நியூஜெர்சியிலுள்ள ஸ்டாண்டர்டு ஆயில் ஆலையில் இந்தச் சரக்கைக் கையாண்ட தொழிலாளிகள் சித்தம் கலங்கி, ஐந்து பேர் மாண்டார்கள். அப்படியும் வியாபாரம் நிற்கவில்லை. கம்பெனிக்காரர்களுக்கு ராபர்ட் கீஹோ என்ற டாக்டர் கிடைத்தார். மனித உடம்பில் ஈயம் இருப்பது இயற்கை, தீங்கு என்று நிரூபித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிவந்தார். நிரூபிக்க வேண்டுமானால் அளக்க வேண்டும். அளப்பதற்கான பணமும் ஆராய்ச்சிக்கூடமும் அநேகமாகக் கம்பெனியின் கையில்! இந்தச் சாமர்த்தியத்தில் நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

இதை உடைத்தவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற குழந்தை வைத்தியர். நம் வீட்டில் பிள்ளைக்குப் பால்பல் விழுந்தால் கூரைமேல் வீசுகிறோம். அவர் பாஸ்டன் அருகே இரண்டு ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் பால்பற்களைச் சேகரித்தார், ஒன்றல்ல இரண்டல்ல, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பற்கள். பல்லில் ஈயம் கூடியிருந்த பிள்ளைகள், நோயின் எந்த அறிகுறியும் இல்லாமலே, அறிவுச் சோதனையிலும் வகுப்பறைக் கவனத்திலும் பின்தங்கியிருந்தார்கள் என்று 1979இல் வெளியிட்டார். பிற்பாடு கம்பெனிகளுக்காகச் சாட்சி சொன்ன ஆசாமிகள் அவர்மேல் விஞ்ஞானப் பித்தலாட்டக் குற்றம் சுமத்தினார்கள். விசாரணை நடந்தது, அவர் மோசடி எதுவும் செய்யவில்லை என்று தீர்ந்தது. உண்மையை அளந்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த நாட்டு முதலாளிக்கும் கைவந்த கலை.

அதே காலத்தில், 1976 முதல் 1980 வரை, அமெரிக்க சர்க்கார் நாடு முழுவதும் ஜனங்களின் உடல்நிலையைச் சோதித்த சர்வேயில் ரத்தத்தில் ஈயத்தையும் அளந்தது. சுற்றுச்சூழல் விதிகளின்படி பெட்ரோலில் ஈயம் குறையத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. பெட்ரோலில் ஈயம் எவ்வளவு குறைந்ததோ, ஜனங்களின் ரத்தத்திலும் அதே தடத்தில் குறைந்தது. நாலைந்து வருஷத்தில் 37 சதம்! 1982இல் ரீகன் சர்க்கார் கம்பெனிகளுக்காக அந்த விதிகளைத் தளர்த்தப் பார்த்தபோது இந்த வரைபடம் குறுக்கே வந்து நின்றது. தளர்த்த வந்தவர்களே விதியை இறுக்க வேண்டியதாயிற்று. கம்பெனியின் வக்கீல்களால் ஒரு விஞ்ஞானியை மிரட்ட முடிந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்களின் ரத்தத்தை மிரட்ட முடியவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1960களில் அமெரிக்க டாக்டர்கள் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது நூறு மில்லியில், 60 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால்தான் கவலைப்பட்டார்கள். 1970இல் அது 40 ஆயிற்று. பிறகு 30, 25, 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5 என்று இறங்கியது. உலக சுகாதார ஸ்தாபனம் 5 மைக்ரோகிராம் இருந்தாலே விஷம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது; பயமில்லாத அளவு என்று எதுவுமே இல்லை என்றும் சொல்கிறது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஈயமும் மாறவில்லை, பிள்ளையும் மாறவில்லை. அளக்க அளக்க உண்மை வெளியே வந்தது, அவ்வளவுதான்.

பிளிண்ட் நகரத்தின் கதை இன்னும் அண்மையில் நடந்தது. மிச்சிகன் மாநிலத்தில் உள்ள இந்த ஊரைத் தொழிலாளர் இயக்கத்தில் உள்ளவர்கள் அறிவார்கள். 1936–37 குளிர்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளிகள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து சங்கத்துக்கு அங்கீகாரம் வாங்கிய ஊர். கம்பெனி ஆலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போனபின் ஊர் வறுமையில் விழுந்தது. பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். ஜனங்கள் தேர்ந்தெடுத்த நகரசபையின் அதிகாரத்தைப் பறித்து, மாநில சர்க்கார் ஒரு நிர்வாகியை நியமித்தது. அந்த ஏற்பாட்டின் கீழ் 2014 ஏப்ரலில், பணம் மிச்சம் பிடிக்க, ஊருக்கு வந்த ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். குழாயை அரிக்காமல் தடுக்கும் மருந்தையும் கலக்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் கரைந்தன. தண்ணீர் நாறுகிறது, நிறம் மாறுகிறது என்று தாய்மார்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றார்கள் அதிகாரிகள்.

2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு புகார் செய்தது: இந்தத் தண்ணீர் எங்கள் எஞ்சின் பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்கிறது. உடனே அந்த ஆலைக்கு வேறு தண்ணீர் கிடைத்தது. எஞ்சினுக்குத் தண்ணீர் மாறிய பிறகு ஒரு வருஷம், சரியாக ஒரு வருஷம், அந்த ஊர்ப் பிள்ளைகள் அதே தண்ணீரைக் குடித்தார்கள்.

முடிவில் விஷயத்தை உடைத்தது எது? மோனா ஹன்னா-அத்தீஷா என்ற குழந்தை வைத்தியர் தம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் புரட்டினார். ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் ஈயத்துக்காக ரத்தம் பார்க்க வேண்டும் என்று அந்த நாட்டில் விதி உண்டு. ஆகவே எண்கள் ஏட்டில் இருந்தன. 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் உள்ள சிறு பிள்ளைகள் தண்ணீர் மாறுவதற்கு முன் 2.4 சதம், மாறிய பின் 4.9 சதம். 2015 செப்டம்பரில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி இதைப் பகிரங்கமாக அறிவித்தார். மாநில அதிகாரிகள் முதலில் அவரை ஏளனம் செய்தார்கள். மாநில சுகாதார இலாகாவின் சொந்தப் பதிவேட்டிலேயே இந்த உயர்வு இருந்தது, பருவகால ஏற்ற இறக்கம் என்று மூடி வைத்திருந்தார்கள் என்பதும் பிறகு அம்பலமாயிற்று. மூன்று வாரத்தில் பழைய தண்ணீர் திரும்ப வந்தது. ஈயக் குழாய்களைப் பிடுங்கி மாற்றும் வேலை முடிந்தது என்று மாநிலம் கோர்ட்டில் சொல்ல 2025 ஆயிற்று.

அமெரிக்க சர்க்காரைப் புகழ நாம் இதை எழுதவில்லை. அதே அமெரிக்காவில் 2025 ஏப்ரலில் நோய்த் தடுப்பு மையத்தின் குழந்தை ஈயத் தடுப்புப் பிரிவையே ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மில்வாக்கி நகரப் பள்ளிக்கூடங்களில் ஈயப் பெயிண்ட் தூள் கண்டுபிடிக்கப்பட்டு, நகரசபை உதவி கேட்ட நேரம் அது. உதவ ஆள் இல்லை என்று பதில் வந்தது. வாங்கிய உரிமையைக் காவல் காக்காவிட்டால் அது நிலைக்காது. ஆனால் நாம் கேட்பது வேறு கேள்வி. நம் ஊரில் ஒரு பிளிண்ட் நடந்தால் எந்த டாக்டர், எந்தப் பதிவேட்டைப் புரட்டுவார்?

நம் நாட்டின் லட்சணம் இது. 1998–99இல் நடந்த இரண்டாவது தேசியக் குடும்ப நல சர்வேயில், டெல்லியிலும் மும்பையிலும் மூன்று வயதுக்கு உட்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயத்தை அளந்தார்கள். முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு 5க்கும் 20க்கும் இடையில் இருந்தது. இவ்வளவு பெரிய சேதி கிடைத்தால் அடுத்த சர்வேயில் நாடு முழுவதும் அளந்திருக்க வேண்டாமா? மூன்றாவது சர்வே வந்தது, நாலாவது வந்தது, ஐந்தாவதும் வந்தது. ஈயத்தைக் காணோம். ரத்த சோகைக்காக அதே பிள்ளைகளின் விரலில் குத்தினார்கள். இன்னொரு சொட்டு எடுக்க மனம் வரவில்லை.

2000 பிப்ரவரி முதல் தேதியோடு இந்தியாவில் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. அதோடு ஈயப் பிரச்னையே ஒழிந்ததாக இலாகாக்கள் கையைக் கழுவிக்கொண்டன. 2009இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயதுள்ள 756 பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்திருந்தார்கள். சராசரி 11 மைக்ரோகிராமுக்கு மேல்! இன்றைக்கு உலகம் ஒப்புக்கொள்கிற வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஈயம் கூடிய பிள்ளைகளிடம் பதற்றமும் கவனக் குறைவும் கூடியிருந்ததாக வாத்தியார்கள் சொன்னதையும் அந்த ஆராய்ச்சி பதிவு செய்தது. ஈயப் பெட்ரோலைச் சாக்குச் சொல்ல முடியாது. இவர்கள் பெரும்பாலும் அது ஒழிந்த பிறகு தவழ்ந்த பிள்ளைகள். அப்படியானால் எங்கிருந்து வந்தது? பெயிண்டா, பட்டறையா, மசாலாவா, பாத்திரமா? சென்னை நகரத்தின் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை சுகாதார இலாகாவுக்கு இருந்தது. ஆண்டுதோறும் அளக்கும் திட்டம் எதுவும் அதைத் தொடர்ந்து வரவில்லை. 2022இல் நிதி ஆயோக்கின் அறிக்கையும், 23 மாநிலங்களில் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டுகிறது என்றது. அறிக்கை வந்தது, அலமாரிக்குப் போயிற்று.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016இல் விதி போட்டு, 2017 நவம்பர் முதல் அமலாக்கினார்கள். ஆனால் அது வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும் மட்டும். ஆலைகளுக்கான பெயிண்ட் அதில் அடங்காது. அந்த டப்பாவை வாங்கிப் பள்ளிக்கூடத்து ஊஞ்சலுக்குப் பூசினால் யார் பார்க்கிறார்கள்? பாட்டரிக்கும் 2001இல் ஒரு விதி, 2022இல் இன்னொரு விதி. காயலான் கடையின் பின்புறத்துக்கு இரண்டும் வந்து சேரவில்லை. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், டாக்டர்கள் கட்டாயம் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டிய வியாதிகளின் பட்டியலில் ஈய விஷத்தை முதலாவதாக வைத்தது. ஆலைக்குள் தகப்பனுக்கு வந்தால் அது தெரிவிக்க வேண்டிய வியாதி. ஆலை மதிலுக்கு வெளியே மகனுக்கு வந்தால் அது எந்தப் பட்டியலிலும் இல்லை!

பட்டறைகள் நிறைந்த பகுதிகளில் நாம் சந்தா வசூலுக்கும் சங்க வேலைக்கும் போவதுண்டு. அங்கே ஈயம் உருக்குகிறவர்களிடம் பேசினால், வயிற்றுவலி, கை கால் அசதி என்று சொல்வார்கள். பிள்ளைக்குப் பார்த்தீர்களா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பார்த்தால் பட்டறையை மூடிவிடுவார்கள், மூடினால் சோறு போய்விடும் என்ற பயம். இந்தப் பயத்தைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. ஆகவே அளப்பது என்ற கோரிக்கையோடு, வேலைக்குப் பாதுகாப்பு என்ற கோரிக்கையும் சேர்ந்தே போக வேண்டும். மூடிய அறை, புகை உறிஞ்சும் யந்திரம், குளித்து உடை மாற்றி வீட்டுக்குப் போக வசதி, ரத்தத்தில் ஈயம் கூடிய தொழிலாளிக்குச் சம்பளம் குறையாமல் வேறு வேலை. இதெல்லாம் முதலாளியின் செலவு. முதலாளி சின்னவன், அவனால் முடியாது என்றால், அவனிடம் ஈயத்தை வாங்கும் பெரிய பாட்டரிக் கம்பெனியின் செலவு.

ஈயத்துக்கு மருந்து கிடையாதே, அளந்து என்ன பயன் என்று சில டாக்டர்கள் கேட்கிறார்கள். 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் ஏறினால் ஈயத்தை வெளியேற்ற மருந்து உண்டு. அதற்குக் கீழே போன புத்தியைத் திருப்பித் தரும் மருந்து இல்லை என்பது வாஸ்தவம்தான். அளப்பது மருந்துக்காக அல்ல, விஷம் வரும் வாசலைக் கண்டுபிடித்து அடைக்க. பங்களாதேஷில் மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈயம் கலந்த மஞ்சள் பொடியைத் தேய்த்தார்கள். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயத்தைக் கண்ட ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்து போய் மஞ்சளைப் பிடித்தார்கள். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதத்தில் ஈயம் இருந்தது. சர்க்கார் சோதனை போட்டு, அபராதம் விதித்து, எச்சரிக்கை ஒட்டியது. 2021இல் ஒரு மாதிரியிலும் இல்லை. பணக்கார தேசமா பங்களாதேஷ்?

சுகாதார இலாகாவின் துண்டுப் பிரசுரங்களில் வேறு ஒரு ராகம் பாடுகிறார்கள்: தாய் பிள்ளையின் கையைக் கழுவ வேண்டும், கீரை கொடுக்க வேண்டும், வீட்டை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தப்பில்லை, செய்ய வேண்டியதுதான். ஆனால் குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற தாய் எத்தனை தடவை கழுவுவாள்? பட்டறைப் புகை நிற்காதவரை துடைத்த தரையில் மறுபடியும் தூள் படியும்.

பணம் இல்லை, ஆள் இல்லை என்ற பல்லவிக்கும் பதில் உண்டு. 2013 முதல் பிள்ளைகளின் உடல்நிலையைச் சோதிக்க மத்திய சர்க்காரின் திட்டம் ஒன்று நடக்கிறது. டாக்டரோடு வண்டி அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறையும், பள்ளிக்கு ஒரு முறையும் போக வேண்டும். முப்பது வகைக் குறைகளைப் பார்க்கிறார்கள். முப்பத்தோராவதாக ஈயத்தைச் சேர்க்க வேண்டும் என்கிறோம். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, மூன்று நிமிஷத்தில் அளவு காட்டும் கைப்பெட்டி வந்து வெகு காலமாயிற்று. தோலில் ஒட்டிய தூளால் அந்த எண் பொய்யாகக் கூடவும் கூடும். ஆகவே கையை நன்றாகக் கழுவிவிட்டு எடுக்க வேண்டும். கூடுதலாகக் காட்டினால் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆராய்ச்சிக்கூடத்தில் ஊர்ஜிதம் செய்ய வேண்டும். முதலில் பாட்டரிப் பட்டறை, ஈயம் உருக்கும் ஆலை, பெயிண்ட் பட்டறை இருக்கிற பகுதிகளில் தொடங்கட்டும். இந்த வேலையை அங்கன்வாடி ஊழியர்கள் தலையில் சம்பளமில்லாமல் ஏற்றக்கூடாது. ஏற்கனவே மதிப்பூதியம் என்ற பெயரில் அவர்கள் வயிற்றில் அடிப்பது போதும். எண்களைப் பேரைச் சொல்லாமல் வார்டு வார்டாகப் பகிரங்கமாக ஒட்ட வேண்டும். ஒரு வார்டில் எண் கூடினால், எத்தனை நாளைக்குள் யார் போய் மண்ணையும் பெயிண்டையும் மசாலாவையும் சோதிப்பது என்பதை விதியில் எழுத வேண்டும். அளந்துவிட்டுப் போய்விடுவதென்றால் பிள்ளையின் விரலில் குத்தவே வேண்டாம்.

தோழர்கள் இதற்காகப் பெரிய மகாநாடு கூட்டக் காத்திருக்க வேண்டியதில்லை. கிராம சபையிலும், வார்டு சபையிலும், பள்ளி மேலாண்மைக் குழுவிலும், மாதர் சங்கக் கூட்டத்திலும் ஒரு தீர்மானம் போட்டு ஜில்லா சுகாதார அதிகாரிக்கு அனுப்பலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுவும் போடலாம். கேட்க வேண்டியது ஒரே வரி: சென்ற வருஷம் இந்த ஜில்லாவில் எத்தனை பிள்ளைகளின் ரத்தம் ஈயத்துக்காகச் சோதிக்கப்பட்டது, எங்கே, எவ்வளவு இருந்தது? வருகிற பதிலை, அது வெறும் பூஜ்யமாக இருந்தாலும், நமக்கு எழுதி அனுப்புங்கள். ஜில்லாவாரியாக இந்தப் பத்திரிகையில் வெளியிடுவோம்.